மைனஸ் டி-யைப் பிரித்தது: ஏற்காட்டுப் பெட்டிக்கு ஒரு பிபிஎஃப் லோடர்

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டுக்குப் போகிற வழியில், ஒரு கேபிள் இன்டர்நெட் ஆபரேட்டரின் தகரக் கொட்டகைக்குள் சின்னப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. டெபியன் 12, கர்னல் 6.1, இரண்டு நெட்வொர்க் போர்ட், 32 ஜிபி ஸ்டோரேஜ். எஸ்டேட் பங்களா, ஹோம்ஸ்டே, பெட்டிக்கடை என்று மலையில் அவருக்கு இருக்கும் இணைப்புகள் எல்லாம் இதன் வழியாகத்தான் வெளியே போகின்றன. வெளியிலிருந்து வந்து மோதும் யூடிபி குப்பையை வடிகட்ட இதில் ஒரு எக்ஸ்டிபி புரோகிராம் உண்டு. எக்ஸ்டிபி என்பது பிபிஎஃப்பில் ஒரு வகை; பிபிஎஃப் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கர்னலுக்குள் நாம் எழுதிய சின்ன புரோகிராமை ஏற்றி ஓட்டும் வசதி. பாக்கெட் கர்னலின் நெட்வொர்க் அடுக்குக்குள் ஏறும் முன்பே, டிரைவர் மட்டத்திலேயே வேண்டாததை வீசிவிடும். ஃபில்டரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது எழுத வந்தது, அதைக் கர்னலுக்குள் ஏற்றும் லோடர் எவ்வளவு பேசலாம், எங்கே பேசலாம் என்பது.

ஆபரேட்டர் அண்ணன் எஸ்டேட் இணைப்புகளையும் டவுன் இணைப்புகளையும் தனித்தனி விலானாக (ஒரே கம்பியில் ஓடும் தனி நெட்வொர்க்குகள், பாக்கெட் எதைச் சேர்ந்தது என்று அதில் ஒட்டிய டேக் சொல்லும்) பிரித்தார். ஆகவே ஃபில்டர் இனி விலான் டேகைத் தாண்டிப் போய் ஐபி ஹெட்டரைப் பார்க்க வேண்டும். மேலே கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் தம்பி அதைத் தானே எழுதி, பெட்டியிலேயே கிளாங் கம்பைலர் வைத்து பில்ட் செய்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தான். ஐடிஐ முடித்த பையன், சி மொழியை மலை மேலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். லோட் ஆகவில்லை. அஸ்தம்பட்டியில் இருந்த எனக்குப் போன் வந்தது.

“அண்ணா, சூடோ போட்டுத்தானுங்க ஓட்டுனேன். அப்பவும் பெர்மிஷன் டினைடுன்னே வருது.”

பிபிஎஃப் பக்கம் புதிதாக வருகிறவர்களை இந்த வரி ஒரு தடவையாவது சுற்றில் விடும். கர்னலின் வெரிஃபையர், அதாவது ஏற்றும் முன் சோதித்துப் பார்க்கும் பகுதி, ஒரு புரோகிராமை ‘இது பாதுகாப்பானது இல்லை’ என்று தள்ளும்போது பெரும்பாலும் 13-ஆம் எண் பிழையைத்தான் திருப்பித் தருகிறது. அந்த எண்ணுக்கு லினக்ஸில் வைத்திருக்கும் வாசகம் ‘பெர்மிஷன் டினைட்’. நிஜமாகவே உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால் வருவது 1-ஆம் எண், ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’. ஆகவே 13 வந்தால் சூடோவைத் தேடாமல் வெரிஃபையர் லாகைத் தேடுங்கள். 1 வந்தால் அதிகாரத்தைப் பாருங்கள். கர்னல் 5.11-க்கு முந்தைய மெஷின் என்றால் மெம்லாக் வரம்பையும் (ஒரு புராசஸ் பூட்டி வைத்துக்கொள்ளக்கூடிய மெமரியின் அளவு) பாருங்கள்.

தம்பிக்கு இதைச் சொன்னதும் அடுத்த பதில் வந்தது: “லாக் வருதுங்கண்ணா, நிக்கவே மாட்டேங்குது.”

சர்வீஸ் ஃபைலைத் திறந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. லோட் செய்யும் வரியில், பிபிஎஃப் புரோகிராம்களை ஏற்றவும் பார்க்கவும் உதவும் பிபிஎஃப்டூல் கட்டளைக்கு மைனஸ் டி கொடுத்து வைத்திருந்தார்கள். எப்போதோ யாரோ டீபக் செய்யப் போட்டது, அப்படியே தங்கிவிட்டது. மைனஸ் டி போட்டால் பிபிஎஃப்டூல் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, அது உள்ளே பயன்படுத்தும் லிப்பிபிஎஃப் லைப்ரரி தன் வேலையைப் பற்றிச் சொல்லும் டீபக் செய்திகளைத் திறந்துவிடுகிறது: எந்த செக்ஷனைப் படித்தேன், எந்த மேப்பை உருவாக்கினேன், எந்த ரீலொகேஷனைச் சரிசெய்தேன் என்கிற வகை. இரண்டாவது, கர்னலிடம் வெரிஃபையர் லாக் லெவலை 7 என்று கேட்கிறது. 7 என்பது 1, 2, 4 மூன்றின் கூட்டு, அதாவது இருக்கிற எல்லாமே. முதலாவது சில நூறு வரி. இரண்டாவது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரே திருகில் இரண்டு குழாய் மாட்டியிருக்கிறது, அதில் ஒன்று மேட்டூர் மதகு.

எங்கள் ஃபில்டர் ஐபிவி6 எக்ஸ்டென்ஷன் ஹெட்டர்களை ஒரு வரம்புள்ள லூப்பில் நடந்து கடக்கிறது. வெரிஃபையர் ஒவ்வொரு கிளையிலும் இறங்கி ஏறிப் பார்ப்பதால், எழுதியது சில நூறு இன்ஸ்ட்ரக்ஷன்தான் என்றாலும் அது நடந்து பார்ப்பது நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. லெவல் 2-இல் ஒவ்வொரு அடிக்கும் ரெஜிஸ்டர்களின் நிலையோடு ஒரு வரி. அத்தனையும் ஸ்டாண்டர்ட் எரருக்கு, அங்கிருந்து சர்வீஸ்களின் லாகைச் சேகரிக்கும் ஜர்னல்டிக்கு. ஜர்னல்டியின் இயல்பான வரம்பு ஒரு சர்வீஸுக்கு 30 விநாடியில் 10,000 செய்தி. டிஸ்க்கில் இருக்கும் காலியிடத்தைப் பொறுத்து இதைச் சில மடங்கு பெருக்கிக் கொடுக்கும், இந்த லாகுக்கு அதுவும் போதாது. வரம்பு தாண்டியதும் மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இத்தனை செய்தியை அமுக்கிவிட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவைக்கிறது.

வெரிஃபையர் லாகில் பிழைக்கான காரணம் இருப்பது கடைசியில். ஜர்னல்டி எறிவதும் கடைசியைத்தான். எல்லாவற்றையும் பேசச் சொன்னதனால் வேண்டிய ஒரே வரி மட்டும் பதிவில் இல்லை. நாற்பதாயிரம் வரியில் அதை யாரும் கண்ணால் தேடியிருக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

கையால் ஓட்டிப் பார்த்தாலும் நிலைமை மோசம். சேலத்திலிருந்து மலைக்கு எங்களுக்கு இருக்கும் ரேடியோ லிங்க்கில் வாடிக்கையாளர் ட்ராஃபிக் போக நிர்வாகத்துக்கென்று விட்டிருப்பது ஒல்லியான ஒரு ஓரம். எஸ்எஸ்ஹெச் திரையில் லாக் ஓட ஆரம்பித்தால் கன்ட்ரோல் சி அடித்தது அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் டீ ஆறிவிடும். தம்பி புத்திசாலித்தனமாக பைப் போட்டு, கடைசி வரிகளை மட்டும் காட்டும் டெய்லுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறான். லிப்பிபிஎஃப் பேசுவது ஸ்டாண்டர்ட் எரரில், வெறும் பைப் பிடிப்பது ஸ்டாண்டர்ட் அவுட்டை மட்டும். அதனால் டெய்லுக்கு ஒன்றும் போகவில்லை, திரையில் எல்லாம் போனது. இரண்டாம் எண் ஸ்ட்ரீமை ஒன்றாம் எண்ணோடு சேர்த்துவிட்டுப் பிறகு டெய்லுக்கு அனுப்பச் சொன்னேன். கடைசி சில வரி போனிலேயே வாசித்தான்.

“இன்வேலிட் ஆக்சஸ் டு பேக்கெட், ஆஃப் 27, சைஸ் 1, ஆர்2, ஐடி 0, ஆஃப் 27, ஆர் 18.”

இந்த வரியை ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் பயம் வராது. ஆர்2 என்பது ரெஜிஸ்டரின் பெயர், பாக்கெட்டைச் சுட்டும் பாயின்டர் அதில் இருக்கிறது. ஆஃப் 27, சைஸ் 1 என்றால் பாக்கெட்டின் தொடக்கத்திலிருந்து 27-ஆவது இடத்தில் ஒரு பைட்டைப் படிக்கப் போகிறோம். கடைசியில் வரும் ஆர் 18 ரெஜிஸ்டர் பெயர் இல்லை. இந்தப் பாயின்டரில் இத்தனை பைட் வரை பாக்கெட் நிச்சயம் இருக்கிறது என்று புரோகிராம் இதுவரை நிரூபித்திருக்கும் எல்லை அது. 18-க்குத்தான் சாட்சி இருக்கிறது, கேட்பதோ 27.

எண்களைக் கூட்டிப் பார்த்தால் எழுதிய சி கோடைப் பார்க்காமலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட், விலான் டேக் 4 பைட், ஆக 18. ஐபி ஹெட்டருக்குள் புரோட்டோகால் எண் இருப்பது 9-ஆவது இடம், 18-உம் 9-உம் 27. தம்பி விலான் டேக் வரை பாக்கெட் நீளத்தைச் சரிபார்த்த கையோடு, ஐபி ஹெட்டருக்கு மறுபடி சரிபார்க்காமல் நேரே புரோட்டோகாலைப் படிக்கிறான். டேகைத் தாண்டியபின் இன்னொரு 20 பைட் இருக்கிறதா என்று, பாக்கெட்டின் முடிவைச் சுட்டும் டேட்டா எண்டோடு ஒப்பிட ஒரு இஃப், அவ்வளவுதான். எல்லை 38 ஆனது, லோட் ஆனது. பழைய ஃபில்டர் அதுவரை கார்டில் தொடர்ந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏற்றுவது ஒரு படி, இன்டர்ஃபேஸில் மாட்டுவது அடுத்த படி, முதல் படியில் தோற்றால் இரண்டாவதுக்குப் போவதில்லை. வாடிக்கையாளர் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விலான் விஷயத்தில் இன்னொன்று: சில கார்டுகள் டேகைத் தாங்களே கழற்றி வைத்துக்கொள்ளும், நெட்வொர்க் கார்டை அமைக்கும் ஈத்டூலில் ஆர்எக்ஸ் விலானை ஆஃப் செய்தால்தான் எக்ஸ்டிபி புரோகிராமுக்கு டேக் கண்ணில் படும்.

கோளாறு தீர்ந்தாலும் அந்த மைனஸ் டி உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சும்மா எடுத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. லிப்பிபிஎஃப் முதலில் லாக் லெவல் 0 வைத்து, அதாவது கர்னலிடம் லாக் எதுவும் கேட்காமல் ஏற்றிப் பார்க்கும். தோற்றால் தானாகவே லெவலை 1 ஆக்கி இன்னொரு தடவை ஏற்றும். கிடைத்த லாகை எச்சரிக்கை மட்டத்தில், ‘பிகின் புரோக் லோட் லாக்’ என்று தலைப்புப் போட்டு அச்சிடும். அதற்கு எந்த ஸ்விட்சும் வேண்டாம்.

லெவல் 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் அதிகம், குறைவு என்று நினைத்தால் போதாது. லெவல் 1-இல் வெரிஃபையர் ஒரு கிளையைப் பார்த்து முடித்து அடுத்த கிளைக்குத் திரும்பும்போது, முடித்த கிளையின் லாகைப் பின்னோக்கி அழித்துவிடுகிறது. ஆகவே தோற்கும்போது கையில் மிஞ்சுவது தோற்ற பாதை மட்டும். ஜெயித்தால் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாது, கடைசியில் ‘புராசஸ்ட்’ என்று தொடங்கும் கணக்கு வரி மட்டும் இருக்கும். லெவல் 2 எதையும் அழிக்காது. ஜெயித்த பாதையையும் பார்க்க வேண்டும் என்றால்தான் அது தேவை, உதாரணமாக ஏன் இந்த புரோகிராம் பத்து லட்சம் இன்ஸ்ட்ரக்ஷன் வரம்பை நெருங்குகிறது என்று ஆராயும்போது. லெவல் 4 வெறும் புள்ளிவிவரம்: சரிபார்க்க எத்தனை மைக்ரோ விநாடி ஆனது, ஸ்டாக் எவ்வளவு ஆழம், எத்தனை இன்ஸ்ட்ரக்ஷன் நடந்தது. இதில் எனக்குப் பிடித்தது, 4-ஐ மட்டும் தனியாகக் கேட்டால் இன்ஸ்ட்ரக்ஷன் வரிகள் வராது, ஆனால் தோற்ற காரணம் வரும். மலை லிங்க்குக்கு அளவெடுத்துத் தைத்தது போல.

பிபிஎஃப்டூலில் 4-ஐ மட்டும் கேட்க வழியில்லை, மைனஸ் டி என்றால் 7-தான். மற்ற கருவிகளும் ஏறக்குறைய இப்படித்தான். ட்ராஃபிக்கை ஒழுங்குபடுத்தும் டிசி கட்டளையில் கடைசியில் வெர்போஸ் என்று ஒரு சொல் சேர்க்கலாம். எக்ஸ்டிபி லோடர் என்ற கருவியில் மைனஸ் வி, இரண்டு தடவை போட்டால் இன்னும் அதிகம். வெரிஸ்டாட்டில் மட்டும் லெவல் எண்ணைத் தனியாகக் கொடுக்கலாம், ஆனால் அது அளந்து பார்க்கும் கருவி, ஏற்றி மாட்டிவைக்கும் கருவி இல்லை. ஆகவே லிப்பிபிஎஃப்பை வைத்துச் சொந்தமாகவே ஒரு சின்ன லோடர் எழுதினேன். மொத்தமே சி மொழியில் சில பக்கம்.

முதல் ஸ்விட்ச் மைனஸ் வி. லிப்பிபிஎஃப்பில் செட் பிரிண்ட் என்ற ஃபங்ஷனுக்கு நம்முடைய கால்பேக்கை, அதாவது லைப்ரரி திரும்ப அழைக்கும் நம் ஃபங்ஷனை, கொடுத்துவிட்டால் லைப்ரரியின் ஒவ்வொரு செய்தியும் மட்டத்தோடு நம்மிடம் வந்துதான் வெளியே போகும். வார்ன், இன்ஃபோ, டீபக் என்று மூன்று மட்டம், எண்ணில் 0, 1, 2. மைனஸ் வி போடாவிட்டால் வார்ன் மட்டும், ஒரு தடவை போட்டால் இன்ஃபோ, இரண்டு தடவை போட்டால் டீபக். கால்பேக்குக்குள் இருப்பது ஒரே ஒப்பீடு: வந்த மட்டம் நான் வைத்ததைவிடப் பெரிது என்றால் 0 திருப்பிவிட்டுப் போ. கால்பேக்குக்குப் பதில் நல் கொடுத்து எல்லாவற்றையும் ஊமையாக்கவும் முடியும், அதைச் செய்யாதீர்கள், எச்சரிக்கையும் போய்விடும். இதை, பில்ட் செய்து கிடைத்த ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறப்பதற்கு முன்பே வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஃபைலைப் படிக்கும்போது வரும் செய்திகள் பழைய கணக்கில் போய்விடும். புதிய லிப்பிபிஎஃப் பதிப்புகளில் லாக் லெவலுக்கு ஒரு என்விரான்மென்ட் வேரியபிளும் வந்திருக்கிறது. டெபியன் 12-இல் இருக்கும் பழைய பதிப்பில் அது இல்லை. இருந்தாலும் சொந்தக் கால்பேக் வைத்த பிறகு அது செல்லாது.

இரண்டாவது ஸ்விட்ச் மைனஸ் எஸ், பக்கத்தில் ஒரு எண். அது அப்படியே வெரிஃபையர் லாக் லெவலாகக் கர்னலுக்குப் போகும். எதுவும் சொல்லாவிட்டால் 0.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மைனஸ் எஸ் 4 கொடுத்து, புரோகிராம் சரியாக ஏறிவிட்டால், திரையில் ஒன்றுமே வராது. காரணம், ஜெயித்த லோடின் வெரிஃபையர் லாகை லிப்பிபிஎஃப் டீபக் மட்டத்தில் அச்சிடுகிறது, தோற்றதை வார்ன் மட்டத்தில். மைனஸ் வி இரண்டு தடவை போட்டால் லாக் தெரியும், கூடவே ரீலொகேஷன் புராணமும் வரும். இரண்டையும் பிரிக்கத்தான் லோடரே எழுத உட்கார்ந்தோம், திரும்ப ஒன்றாகக் கட்டினால் எப்படி?

வழி, சொந்த பஃபர். ஒவ்வொரு புரோகிராமுக்கும் செட் லாக் பஃப் வழியாக நாமே இடம் ஒதுக்கிக் கொடுத்தால், லிப்பிபிஎஃப் வெரிஃபையர் லாகை எந்த மட்டத்திலும் அச்சிடாது. பஃபரில் நிரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். லெவல் 0 என்று வைத்திருந்தாலும், தோற்றால் 1 ஆக்கி மறுபடி ஏற்றும் பழக்கம் மாறாது, அந்த லாகும் நம் பஃபருக்கே வரும். எங்கள் ஆப்ஜெக்டில் இரண்டு புரோகிராம் இருப்பதால் இரண்டு பஃபர். ஆப்ஜெக்டைத் திறக்கும்போதே பொதுவாக ஒரு பஃபரைக் கொடுக்கவும் முடியும், ஆனால் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதிவிட்டுப் போகும்.

பஃபரின் அளவில் கவனம் வேண்டும். லிப்பிபிஎஃப் தானே ஒதுக்கும்போது 16 எம்பியில் தொடங்கி, போதாவிட்டால் இரட்டிப்பாக்கி மறுபடி முயலும். நாம் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. நிரம்பிவிட்டால் 28-ஆம் எண் பிழை, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. புரோகிராமில் ஒரு குறையும் இல்லாதபோதும் லோட் நின்றுவிடும். இதைப் பார்த்து டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று டிஎஃப் அடித்துக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 6.4-இலிருந்து கர்னல், லாக் நீளும்போது முன்பகுதியை உதிர்த்துவிட்டுக் கடைசிப் பகுதியை வைத்துக்கொள்கிறது, நல்ல மாற்றம். மலைப் பெட்டியில் இருப்பது 6.1, அது தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டும், பிழை வரி இருப்பது வாலில். அதனால் லோடரில் 0, 1, 4 கேட்டால் 1 எம்பி, 2 சேர்த்துக் கேட்டால் 64 எம்பி என்று வைத்தேன். 64 எம்பி கொஞ்சம் ஆடம்பரம்தான், ஆனால் லெவல் 2-ஐ மேசையில் தவிர வேறெங்கும் யாரும் கேட்கப் போவதில்லை.

பஃபர் கைக்கு வந்த பிறகு மீதி சுலபம். முழு லாகும் ரன் டைரக்டரிக்குள் ஒரு ஃபைலாகப் போகிறது, அது ரேமில் இருப்பதால் ஸ்டோரேஜ் தேயாது. ரீபூட் ஆனால் போய்விடும், பரவாயில்லை, தோற்றால் சர்வீஸ் மறுபடி தொடங்கும்போது மறுபடி எழுதும். பஃபரின் கடைசி ஆறு வரி மட்டும் ஸ்டாண்டர்ட் எரருக்கு, அங்கிருந்து ஜர்னலுக்கு. ஆறு போதும்: வெரிஃபையரின் கடைசி வரி எப்போதும் ‘புராசஸ்ட்’ கணக்கு, அதற்கு மேலே பிழைக்கான காரணம், அதற்கு மேலே தோற்ற இன்ஸ்ட்ரக்ஷன். கிளாங்கில் மைனஸ் ஜி கொடுத்து பில்ட் செய்திருந்தால் அதற்கும் மேலே சி மொழியின் அந்த வரியே கமென்டாக வந்து நிற்கும். 13 வந்தால் ‘வெரிஃபையர் மறுத்தது, சூடோ பிரச்சினை இல்லை’ என்று தமிழில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். தம்பி கேட்டுக்கொண்டது.

சோதிக்க, விலான் கோடில் சேர்த்த அந்த இஃப்பை வேண்டுமென்றே எடுத்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஜர்னலில் பத்து வரிக்குள் எல்லாம் முடிந்தது, ஆஃப் 27-உம் ஆர் 18-உம் பளிச்சென்று. இஃப்பைத் திரும்பப் போட்டு மைனஸ் எஸ் 4 கொடுத்தபோது, புராசஸ்ட் 41,372, லிமிட் 10,00,000 என்று ஒல்லி லிங்க்கில் உடனே வந்து விழுந்தது. சர்வீஸ் ஃபைலில் இப்போது எந்த ஸ்விட்சும் இல்லை. ரிமோட்டில் பார்க்கிறவர்களுக்கு மைனஸ் எஸ் 4, மேசையில் மல்லுக்கட்டும்போது மைனஸ் எஸ் 2.

இதில் அடங்காத மூன்றாவது பேச்சு ஒன்று இருக்கிறது: புரோகிராம் ஏறி ஓடும்போது அதற்குள்ளிருந்து பிபிஎஃப் பிரிண்ட்கே போடும் வரிகள். அவை ஸ்டாண்டர்ட் எரருக்கு வருவதே இல்லை, டிரேஸ் பைப்புக்குப் போகின்றன, பிபிஎஃப்டூலில் புரோக் டிரேஸ்லாக் போட்டால் பார்க்கலாம். லோடரின் எந்த லாக் லெவலும் அதைத் தொடாது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வரி எழுதினால் ஃபில்டர் போட்ட பயனே போய்விடும். எடுத்துவிட்டால் தேவைப்படும் நேரத்தில் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். அதற்கு கான்ஸ்ட் வோலடைல் என்று அறிவித்த ஒரு குளோபல் வேரியபிளை வைத்து, பிரிண்ட்கே எல்லாவற்றையும் அதன் கீழ் இஃப்பில் போட்டேன். லோடரின் மூன்றாவது ஸ்விட்ச், மைனஸ் டி (பிபிஎஃப்டூலின் மைனஸ் டி-யோடு இதற்குச் சம்பந்தம் இல்லை), ஆப்ஜெக்டைத் திறந்த பின், ஏற்றும் முன் அதில் 0 அல்லது 1 எழுதுகிறது. ஏற்றும்போது அந்தப் பகுதி உறைந்துவிடுவதால் வெரிஃபையருக்கு அது தெரிந்த மாறிலி. 0 என்றால் அந்தக் கிளைக்குள் நுழைவதே இல்லை, செத்த கோடாக வெட்டி எறிந்துவிடுகிறது. பிபிஎஃப்டூலில் டம்ப் எக்ஸ்லேட்டட், அதாவது வெரிஃபையரைத் தாண்டி வந்த கோடு, எடுத்துப் பார்த்தால் பிரிண்ட்கே அழைப்பு ஒன்றுகூட இல்லை. ஆப்ஜெக்ட் ஃபைல் மேசைக்கும் மலைக்கும் ஒன்றேதான்.